தொடக்க வகுப்புக்கு ஒரு டியூஷன்

மே 19

காலையில் இரண்டாவது இட்லியை வைக்கும்போது உலகம்மாள் சொன்னாள், யோகா வகுப்பில் சேர்ந்துவிட்டாளாம். சேரட்டுமா என்று கேட்கவில்லை. சேர்ந்துவிட்டேன் என்று சொன்னாள். கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னைக் கேட்காமல் இவள் செய்த காரியம் என்று எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கிறதாம். முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது, பந்தி உண்டு. அனுசுயா என்று ஒரு பெண் நடத்துகிறாள். புதியவர்களுக்கான வகுப்பு ஜூன் ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு ஆரம்பம்.

“இப்பம் எதுக்கு யோகா?” என்றேன்.

“குனிஞ்சு கோலம் போட முடியல. பொறவு, நாலு பேர்ட்ட பேசலாம்லா.”

“வீட்டுல நான் இருக்கேனே. ரிட்டயராகி ரெண்டு வருசமா உன் கண் முன்னாலதானே உக்காந்திருக்கேன்.”

“நீங்க எங்க பேசுதிய? திருத்துதிய” என்றாள்.

இது மிகை. கணக்கு ஆசிரியராக இருந்தவன் தப்பைக் கண்டால் சொல்லத்தான் செய்வான். சாம்பாரில் உப்பு கூடியிருந்தது. அதைக்கூட நான் இன்று சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னேன்.

மே 20

எனக்கும் இடுப்பு வலி இருக்கிறது. இதுவரை கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

மே 21

இடுப்பு வலியை முன்னிட்டு அந்த அனுசுயாவைப் போய்ப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். மண்டபத்து வாசலில் செருப்பை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பேரைச் சொல்லிச் சேர்ந்துவிட்டு, பாடத்திட்டம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“அப்படி எதுவும் இல்ல சார். வெறும் வயித்தோட வாங்க. லூசா டிரஸ் போட்டுக்கோங்க. ஒரு விரிப்பு கொண்டு வாங்க, போதும்.”

“முதல் நாளைக்கு முன்னால எதையாவது படிச்சுட்டு வரணுமா?”

“ஒண்ணும் தெரியாம வாங்க சார். அதுதான் எனக்கு வசதி.”

வெறும் வயிறும் தொளதொள உடையும்தான் தகுதி என்றால், அது என்ன வகுப்போ.

வீட்டுக்கு வந்து உலகுவிடம் நானும் சேர்ந்துவிட்டேன் என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். சந்தோஷத்தில் என்றுதான் நினைத்தேன். பிறகு கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, “வாங்க. ஆனா ஒரு கண்டிசன்” என்றாள்.

“என்ன?”

“அங்க வந்து எனக்குச் சொல்லித் தரக் கூடாது. நீங்களும் ஒண்ணும் தெரியாமத்தான் வரணும். ரெண்டு பேரும் ஒண்ணுபோல முழிச்சுக்கிட்டு நிக்கணும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதில் உள்ள அநியாயம் உறைத்தது. தெரியாமல் போய் நிற்பதா? பாளையங்கோட்டையில் பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவிலேயே டியூஷனில் முடித்துவிட்டுத்தான் பிள்ளைகள் ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்கே வருவார்கள். பாதிப் பேருக்கு நான்தான் முடித்துக் கொடுத்தேன். வகுப்பு என்பது ஏற்கெனவே தெரிந்ததை வாத்தியாருக்குத் தெரிவிக்கும் இடம். இந்த ஊரில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம் இது.

மே 22

பலவேசத்தைப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர், எனக்கு ஒரு வருடம் முன்னால் ஓய்வு பெற்றார். யோகா தெரியுமா என்று கேட்டதற்கு, “ஒடம்பு சம்பந்தப்பட்டது எது வே எனக்குத் தெரியாது?” என்றார். சுதந்திர தினத்துக்கு ஐந்நூறு பிள்ளைகளை ஒரே விசிலில் குனிய வைத்த மனுஷன். நம்பலாம்.

அவர் வீட்டு மொட்டை மாடியில், தினமும் காலையில். உலகுவிடம் லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. போகிற வழியில் லைப்ரரி இருக்கிறது.

மே 24

முதல் டியூஷன். பலவேசம் விசிலோடு வந்தார். யோகாவுக்கு விசில் எதற்கு என்று கேட்டேன்.

“மூச்சுப் பயிற்சிதான வே. யாராவது ஒருத்தர் ஊதணும்லா.”

சூரிய நமஸ்காரத்தை நம்பர் போட்டுச் சொல்லித் தருகிறார். ஒன்று என்றால் கை மேலே, இரண்டு என்றால் குனிய வேண்டும். இரண்டில் என் கை முட்டுக்குக் கீழே இறங்க மறுத்தது. அவர் அங்கேயே என்னை நிறுத்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, “என் பீரியட ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கணக்குக்கு எடுத்தேரே, அப்பம் தெரியலியா இது வேணும்னு?” என்றார். மாணவர்களின் நலனுக்காக எடுத்தது அது. குனிந்த நிலையில் இருந்ததால் இதை விளக்க முடியவில்லை.

வேட்டியோடு இதைச் செய்ய முடியாது என்பதும் நான்காம் நம்பரில் தெரிந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாளுக்கும் தெரிந்துவிட்டது.

மே 26

டிராக் பேன்ட் வாங்கினேன். கடைக்காரன், “சாருக்கு சுகரா?” என்று கேட்டான். இந்த ஊரில் ஐம்பது வயதுக்கு மேல் டிராக் பேன்ட் வாங்குவதற்கு வேறு காரணமே கிடையாது போலிருக்கிறது.

மே 29

பலவேசத்தின் வீட்டம்மா இன்று மாடியில் கூழ்வத்தல் பிழிந்து காயப்போட்டிருந்தார். மே மாத வெயிலை விட மனசில்லையாம். நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார். பலவேசம் ஓரத்தில் நின்று, “இன்னைக்கு ஒத்தக்கால் ஆசனம். மரம் மாதிரி நிக்கணும். சாஞ்சேருன்னா வத்தல் போச்சு. கவனம் தானா வரும்” என்றார்.

வரவில்லை. வடக்குப் பக்கம் சாய்ந்தேன்.

பலவேசம் சட்டையைத் தட்டிவிட்டார். அவர் வீட்டம்மா மேலே வருவதற்குள் இறங்கி வந்துவிட்டேன். வீட்டில் உலகு காபி கொண்டுவந்து வைத்துவிட்டு என் முதுகுப் பக்கம் போனாள். சட்டையிலிருந்து எதையோ பிய்த்து எடுத்தாள். மோந்து பார்த்தாள்.

“லைப்ரரியில வத்தல் காயப்போடுதாங்களோ?” என்றாள்.

“காத்துல பறந்து வந்திருக்கும்” என்றேன்.

ஈர வத்தல் காற்றில் பறக்காது என்பது எனக்கும் தெரியும். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே நம்பிவிட்டாள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஜூன் 1

இடுப்பு வலி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. சாயங்காலம் உலகு தைலம் தேய்த்துவிட்டாள். நான்கு நாளாகத் தினமும் தேய்க்கிறாள். நான் குப்புறப் படுத்திருப்பதால் அவள் முகம் தெரிவதில்லை. அதனாலோ என்னவோ அவள் நிறையப் பேசுகிறாள்.

இன்று சொன்னாள்: “எனக்குப் பயமாத்தான் இருக்கு. அங்க எல்லாம் சின்னப் புள்ளையளா வந்துருந்தா? நான் குனிஞ்சு எந்திரிக்க முடியாம கெடந்தா சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிச்சா என்ன?”

“உங்களுக்கென்ன. உங்களப் பாத்து யாரு சிரிச்சுருக்கா? நான் எட்டாங்கிளாஸோட நின்னவ.” தைலத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். “நீங்களும் வாரேன்னு சொன்னதும் மொதல்ல எரிச்சலாத்தான் இருந்துச்சு. பொறவு யோசிச்சேன். நீங்க பக்கத்துல நின்னு தடுமாறுனியன்னா, நானும் தைரியமாத் தடுமாறுவேன்.”

தலையணையில் முகம் புதைந்திருந்தது. அவள் கை சூடாக இருந்தது. இவள் இவ்வளவு பேசி நான் கேட்டு எத்தனை காலம் ஆகிறது என்று நினைத்தேன். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன், எனக்கு அழுகை வந்தது. தைலத்தின் நெடி அப்படி.

நாளையோடு டியூஷனை நிறுத்திவிடலாமா என்று யோசனை.

ஜூன் 2

நிறுத்தவில்லை. போர்ஷன் முடிகிற நேரத்தில் நிறுத்துகிறவன் உருப்பட மாட்டான் என்று நானே எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். மேலும், இரண்டு பேரும் தடுமாறினால் அவளைப் பிடிக்க ஆள் வேண்டாமா? அவளுக்காகத்தான் போகிறேன்.

ஜூன் 5

உலகு சுடிதார் வாங்கி வந்திருக்கிறாள். வாழ்நாளில் முதல் சுடிதார். கத்தரிப்பூ நிறம். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்துக் கூடத்துக்கு வந்து நின்றாள். துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்படி இருக்கு?”

நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. இடது கை வலது கையைவிட அரை விரல் நீளம் என்பதையும் சொன்னேன்.

அவள் உள்ளே போய்ப் புடவையோடு திரும்பி வந்தாள்.

ஜூன் 7

டியூஷன் நிறைவு. கடைசிப் பாடம் சவாசனம், அதாவது பிணம் போலக் கிடப்பது. “இதுக்கு டியூஷன் வேண்டாம் வே. ஸ்டாஃப் ரூம்ல தெனம் மத்தியானம் நாம பண்ணுனதுதான்” என்றார் பலவேசம். இருந்தாலும் பண்ணிக் காட்டினார். காட்டியவர் தூங்கிவிட்டார். நான் சொல்லிக்கொள்ளாமல் இறங்கி வந்தேன்.

எனக்கு இப்போது சூரிய நமஸ்காரம் நம்பர் பிசகாமல் வரும். ஒற்றைக்காலில் அசையாமல் நிற்பேன். புதியவர்கள் வகுப்பில் என்னைவிடத் தெரிந்தவன் இருக்க மாட்டான்.

ஜூன் 8

மண்டபத்தில் இன்று கல்யாணம். தெருவெல்லாம் சாம்பார் வாசனை. சாயங்காலம் உலகு இரண்டு விரிப்பையும் சுருட்டிக் கதவோரம் சாய்த்து வைத்தாள். அனுசுயாவைப் பார்த்துப் பேசிவிட்டும் வந்திருக்கிறாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஆண்கள் அடுப்படிப் பக்கம், பெண்கள் கைகழுவுகிற பக்கம். புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் விரித்துக்கொள்ளலாமாம். எங்களுக்கு அந்த நடு இடத்தைச் சொல்லி வைத்துவிட்டாள்.

“நாளைக்கு ஒண்ணும் தெரியாமத்தான வாரிய?” என்று கேட்டாள். என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

முழுமையாகத் தெரிந்தது என்று உலகத்தில் எது இருக்கிறது? அந்த அர்த்தத்தில் சொன்னேன்.

ஜூன் 9

முதல் வகுப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஆனாலும் நேற்றைய ரசம் மூக்குக்குத் தெரிந்தது. வந்தவர்களில் எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது அல்லது சாயம் பூசியிருந்தது. உலகு பயந்த மாதிரி சின்னப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. கத்தரிப்பூ சுடிதாரில் அவள் என் இடது பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். உலகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காரச் சொன்னாள் அனுசுயா. பிறகு எழுந்து மெதுவாகக் கையை மேலே தூக்கச் சொன்னாள். தூக்கினேன். இது ஒன்றாம் நம்பர். ஒன்றுக்குப் பிறகு இரண்டுதானே வரும் என்று குனிந்துவிட்டேன். மூன்று, நான்கு என்று உடம்பு அதுபாட்டுக்குப் போய்விட்டது. பழகிய உடம்பை நிறுத்த முடியாது. எல்லாரும் கையைத் தூக்கியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை, முடித்து நிமிர்ந்த பிறகுதான் கவனித்தேன்.

“சார், அவசரமில்ல” என்றாள் அனுசுயா.

அடுத்து ஒற்றைக்கால். கூடம் முழுக்க ஆட்டம். நான் அசையாமல் நின்றேன். உலகு இந்தப் பக்கம் சாய்ந்தாள். என் தோளைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து என் வாய் சொன்னது:

“முட்டிய வெளிய திருப்பு. பாதத்த இன்னும் மேல ஏத்தி வை. நான் பண்ணுறதப் பாரு.”

அவள் கை பாதியில் நின்றது. அப்படியே அந்தப் பக்கம் திரும்பித் தபால் ஆபீஸ் அம்மாளைப் பிடித்தாள். அந்த அம்மாளும் ஒற்றைக்காலில்தானே நின்றார்? இரண்டு பேரும் சேர்ந்து விரிப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அம்மாள் சிரிக்க, உலகுவும் சிரித்தாள். வாயைப் பொத்தாமல் சிரித்தாள். வீட்டில் நான் கேட்டறியாத சிரிப்பு அது. நான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டே அதைக் கேட்டேன்.

அனுசுயா என் பக்கத்தில் வந்தாள். “சார் ஏற்கெனவே பழகினவங்களா?”

உலகு தரையிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் கூடமே என்னைப் பார்க்கிறது, நானோ அசையாமல் நிற்கிறேன்.

“ஓரளவு” என்றேன்.

“அப்ப இந்த பேட்ச் உங்களுக்கு போரடிக்கும் சார். நாளையிலருந்து அஞ்சே முக்கால் பேட்சுக்கு வந்துருங்க. அங்க எல்லாம் பல வருசமாப் பண்ணுறவங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஒரு வகுப்பைத் தாண்டிப் பாஸ் போட்டது போல ஒரு பெருமை முதலில் வந்தது, மறைப்பானேன். உலகுவும் தட்டினாள்.

வீட்டுக்கு வருகிற வழியில், “நல்லாப் பண்ணுனிய” என்றாள். சாயங்காலம் தைல பாட்டில் அலமாரியிலேயே இருந்தது.

ஜூன் 10

அஞ்சே முக்கால் வகுப்பு. இவர்களுக்கு எலும்பு இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஜூன் 11

இன்று விழுந்தேன். நின்றபடி காலைப் பின்னால் மடக்கிக் கையால் பிடித்து முன்னால் சாய வேண்டுமாம். பலவேசத்தின் நம்பரில் இது கிடையாது. விழுந்தபோது சத்தம் பலமாகக் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு. யாராவது சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

ஜூன் 12

அனுசுயாவிடம் பழைய வகுப்புக்கே மாற்றித் தரச் சொன்னேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதைச் சொன்னேன். எப்படித் தெரிந்த மாதிரி ஆனது என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

“அந்த எடத்துக்கு நேத்தே ஒரு சார் சேர்ந்துட்டாரு. கூடம் நெறைஞ்சிருச்சு சார். அடுத்த புது பேட்ச் ஆவணியிலதான்.”

யார் அந்த சார் என்று கேட்டேன். பலவேசம். எனக்குச் சொல்லிக் கொடுத்ததில் அவருக்கு ஆசை வந்துவிட்டதாம். “எனக்கு யோகாவுல ஒண்ணுமே தெரியாதும்மா, டிரில்தான் தெரியும்” என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சேர்ந்தாராம்.

வீட்டில் உலகுவிடம், எனக்கு அங்கே ஒன்றும் வரவில்லை, நீ படித்ததைக் கொஞ்சம் சொல்லித் தா என்று கேட்டேன். ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு? நான் தப்பாச் சொல்லுததத் திருத்தவா?”

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூன் 14

லைப்ரரிக்குப் போனேன். நிஜமாகவே போனேன். உலகு நம்பவில்லை.

ஜூன் 16

என் வகுப்பு முடியும்போது அவள் வகுப்பு ஆரம்பம். தினமும் மண்டபத்து வாசலில் எதிர்ப்பட்டு, வீட்டுச் சாவியை அவள் கையிலிருந்து நான் வாங்கிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பீரியட் மாறும்போது வராந்தாவில் எதிர்ப்படுகிற வாத்தியார்கள் இதைவிட அதிகம் பேசுவார்கள்.

இன்று சாவியை வாங்கிக்கொண்டு போகவில்லை. வாசலில் செருப்புக்குக் காவல் போல உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து பலவேசம் எதையோ சொல்வதும், கூடமே சிரிப்பதும் கேட்டது. அத்தனை சிரிப்பில் அவளுடையது எது என்று எனக்கு இப்போது தனியாகத் தெரிகிறது. ஒரு வாரத்துக்கு முன்னால் தெரியாது. எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. வயிற்றெரிச்சல் என்று எழுதினாலும் தப்பில்லை.

வகுப்பு விட்டு எல்லாரும் வந்தார்கள். பலவேசம் என்னைப் பார்த்துவிட்டு விசில் இல்லாத கையை உதட்டில் வைத்து ஊதிக் காட்டிவிட்டுப் போனார். உலகு கடைசியாக வந்தாள். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“போகலியா நீங்க?”

“இல்ல.”

“என்னத்துக்கு இருக்கிய? தலை கிலை சுத்துதா?”

“நீ வரட்டும்னு இருந்தேன்.”

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். மண்டபத்து வளைவைத் தாண்டித் தெருவுக்கு வந்தோம். பால் வண்டி, ஸ்கூல் வேன், டீக்கடை பெஞ்சில் நான்கைந்து பேர். அதில் இரண்டு பேர் என்னிடம் டியூஷன் படித்தவர்கள், எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள்.

“அங்க என்ன சொல்லித் தந்தாங்க இன்னைக்கு?” என்று கேட்டாள். மரியாதைக்குக் கேட்டாள் என்று நினைக்கிறேன்.

நடராஜர் மாதிரி நிற்கிறது ஒன்று, நன்றாக வருகிறது என்று சொல்ல வாய் வந்தது.

“இன்னைக்கும் விழுந்தேன் உலகு” என்றேன். “மூணு பேரு மேல விழுந்தேன். ஒருத்தருக்குக் கண்ணாடி கழண்டு போச்சு. எனக்கு அங்க ஒரு எழவும் புரியல. வத்தல் மேலயும் நான்தான் விழுந்தேன். லைப்ரரிக்குப் போகவே இல்ல.”

உலகு நின்றுவிட்டாள்.

“தெரியும்” என்றாள். “பலவேசம் வீட்டம்மா அன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிட்டா, வத்தல்ல ஆள் படுத்த மாதிரி அச்சு விழுந்துருக்குன்னு.” சொல்லும்போதே அவள் வாய் கோணியது. துப்பட்டாவால் பொத்தப் பார்த்தாள், முடியவில்லை. அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில், பட்டப்பகலில், என் முகத்துக்கு நேராக.

“எப்படி விழுந்திய?”

“எப்படின்னா? விழுந்தேன்.”

“அதான், எப்படி? காட்டுங்க.”

“இங்கயா?”

“இங்கதான்.”

டீக்கடையில் அந்த இரண்டு பேரும் இன்னும் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்கள். விரிப்பை உலகு கையில் கொடுத்தேன். ஒரு காலைத் தூக்கினேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வத்தல் மேல் எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்று யோசித்து, அதே பக்கம் சாய்ந்து, காட்டினேன்.